ஓடாத வண்டிக்கு ஒரு ஒயர்

என் நாத்தனாருக்கு, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, அந்தக் குடியிருப்பில் எல்லோரும் வைத்த பெயர் ஒயர்க்காரம்மா. பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும், முதல் மாடியில் அவருடைய சமையலறை ஜன்னல் திறக்கும். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர், நுனியில் கட்டிய பிளக் பெட்டியோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கீழே அவர்களுடைய பழைய கார் நிற்கும். ஒயரை இறக்கிவிட்டு அண்ணி படியில் ஓடி வருவார். பானெட்டைத் தூக்கி, டிக்கியிலிருந்து சார்ஜரை எடுத்து, சிவப்புக் கொக்கியை பாட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, கறுப்பை எஞ்சின் பக்கத்து இரும்பில் கவ்வவிட்டு, கடைசியில்தான் சுவிட்சைப் போடுவார். சின்னதாக ஒரு விளக்கு எரியும். அது எரிகிறதா என்று மறுபடி ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார் ஓடாது. ஓடக் கூடாது என்றே அதை மெக்கானிக்கிடம் சொல்லி முடக்கி வைத்திருந்தார்கள். ஓடாத காருக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று நானே தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். வலியோடு வருகிறவர்களின் எரிச்சலையெல்லாம் நாள் முழுக்க வாங்கிக்கொண்டு வருவதால் எனக்குப் பொறுமை கொஞ்சம் மட்டு. ‘வித்துத் தொலைங்க அண்ணி’ என்று நான் சொல்லாத மாதம் கிடையாது. அண்ணி காதிலேயே வாங்க மாட்டார். பாட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீரும் சோடா உப்பும் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பார். பிறகு அதைத் துடைத்து வாஸ்லைன் தடவுவார். தன் முகத்துக்கு அவர் இவ்வளவு செய்துகொண்டு நான் பார்த்ததில்லை.

அண்ணிக்கு வேலை ஒரு பெரிய ஜவுளிக்கடையின் லிஃப்டில். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் எந்த மாடி என்று கேட்டு பட்டனை அழுத்த வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே லிஃப்ட். ‘நாள் பூரா பிரயாணம்தான். போய்ச் சேர்ந்த ஊருதான் ஒண்ணும் இல்ல’ என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் கணவர் டாக்சி ஓட்டியவர். நாத்தனார் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் அதிகம் பேச மாட்டார். ஆனால் இந்த ஊர் முழுவதையும் தலைக்குள் வைத்திருந்தார். எந்தச் சந்து எங்கே முட்டும், எந்தப் பள்ளிக்கூடம் எப்போது விடும், மழை பெய்தால் எந்தச் சுரங்கப்பாதை முழுகும் என்று அவருக்குத் தெரியாதது கிடையாது.

அந்தத் தலையில்தான் நோய் வந்து உட்கார்ந்தது. முதலில் ஒரு திருப்பம் மறந்தது, பிறகு ஒரு தெரு. ஒரு நாள் பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். யாரோ புண்ணியவான் அவருடைய போனிலிருந்து அண்ணியைக் கூப்பிட்டான். இனி புதிதாக எதுவும் மனதில் தங்காது, பழையதும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னபடியே கழன்றது. கடைசியில் அண்ணியும் கழன்றுவிட்டார்.

வீட்டுக்குள் அண்ணியைப் பார்த்தால் அண்ணனுக்குப் பயம். ‘யாருங்க நீங்க? எங்க வீட்ல என்ன பண்றீங்க?’ என்பார். ‘நான்தாங்க, உங்க வீட்டுக்காரி’ என்று சொன்னால் போச்சு, முகம் சிவந்துவிடும். ‘என் வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா?’ என்று தட்டைத் தள்ளிவிடுவார். பகலில் பக்கத்து வீட்டு டெய்லரம்மா தன் தையல் மிஷினை அங்கேயே கொண்டுவந்து போட்டுத் தைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொள்வார். அந்தம்மா கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுகிற மனுஷன், கட்டிய மனைவி கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அண்ணி என்னிடம் அழுதது ஒரே ஒரு முறை, இதைச் சொல்லித்தான்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணி கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அண்ணனைத் தனியாக விட முடியாதே, அவரையும் கூட்டிவந்து நிழலில் நிறுத்தியிருந்தார். திடீரென்று அண்ணன் தானாகப் போய்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் அண்ணியைப் பார்த்து, பல மாதமாக வராத நிதானமான குரலில் கேட்டாராம், ‘எங்கம்மா போகணும்?’

துடைத்த துணியைக் கையில் பிடித்தபடியே அண்ணி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அன்று ஆரம்பித்ததுதான். சாவியைத் திருப்பினால் உள் விளக்கெல்லாம் எரியும், எஞ்சின் மட்டும் கிளம்பாத மாதிரி மெக்கானிக் செய்து கொடுத்தார். ‘ஃபேனை ஃபுல்லா வைங்கக்கா. அந்த இரைச்சல்ல அவருக்கு வண்டி ஓடுற மாதிரியே இருக்கும்’ என்று யோசனையும் சொன்னார். அப்படியே ஆயிற்று. ஃபேன், ரேடியோ, முன் விளக்கு, வைப்பர் எல்லாமே பாட்டரியில்தான் ஓடும். எஞ்சின் ஓடாததால் திரும்பி ஏறுவது எதுவும் கிடையாது. ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் ஒரு நாள் பாட்டு இழுத்து இழுத்துப் பாடி நின்றது, ஃபேன் சுற்றி ஓய்ந்தது, அண்ணனுக்கு மறுபடி எல்லாம் இருட்டிவிட்டது. யாரென்றே தெரியாத ஒருத்தி தன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் என்று அலறினார். மறுநாளே அண்ணி சார்ஜரும் நீள ஒயரும் வாங்கிவிட்டார். இதுதான் ஜன்னல் ஒயரின் கதை. அண்ணன் அண்ணியிடம் பயமில்லாமல் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். பாட்டரி இறங்கினால் அதுவும் போய்விடும்.

இத்தனையும் அண்ணி எனக்குச் சொல்லியிருந்தார். சொன்னால் எனக்கு ஏறவா செய்யும்? ‘நிக்கிற வண்டியில ரெண்டு பேரும் விளையாடுறீங்க’ என்று கேலி செய்தேன். ‘நீயும் ஒரு நாள் வா’ என்றார். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பின் சீட்டில் அண்ணி பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே குடியிருப்பின் மதில் சுவர், அதில் காய்ந்துபோன ஒரு தண்ணீர்க் குழாய். அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

‘எங்கம்மா போகணும்?’

‘ஏர்போர்ட்டுக்குப் போங்க’ என்றார் அண்ணி.

அண்ணன் சாவியைத் திருப்பினார், ஃபேன் இரைந்தது, கியரைப் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டார். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் திரும்பினார். கொஞ்ச தூரம் போய் பிரேக்கில் காலை வைத்து நின்றார். சிக்னல். ஆமாம், அந்த இடத்தில் சிக்னல் இருக்கிறது. தினமும் நான் பஸ்ஸில் நிற்கும் சிக்னல். பச்சை விழும் நேரம் பொறுத்துக் கிளம்பினார். ‘நேரா போனா பாலத்துல நிப்போம். மார்க்கெட் பின்னால விட்டுப் போயிடலாமா?’ என்றார். மார்க்கெட் பின்னால் போனார், குறுகலான இடத்தில் ஹார்ன் அடித்தார், வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினார். எதிரே வந்த எவனையோ, ‘பார்த்து வாய்யா’ என்றார். நானும் மனதுக்குள்ளேயே பின்தொடர்ந்துகொண்டு வந்தேன். ஒரு திருப்பம், ஒரு சந்து தப்பவில்லை. தன் வீட்டில் குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியாத மனுஷன்! ஊர் எங்கேயும் போகவில்லை. அப்படியே உள்ளே, விளக்கெல்லாம் எரிய, சிக்னல் விழுந்து மாறிக்கொண்டு முழுசாக இருக்கிறது. அதற்குள் போக ஒரே வாசல் இந்தக் கார்தான் என்று அண்ணி கண்டுபிடித்திருக்கிறார்.

என் வாய் சும்மா இருக்குமா? ‘டிரைவர், உங்க வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?’ என்று கேட்டுவிட்டேன். அண்ணி என் தொடையில் கிள்ளினார்.

அண்ணன் கண்ணாடியில் சிரித்தார். ‘அவளா? ஜவுளிக்கடை லிஃப்ட்ல வேலை. நாள் பூரா ஏறி இறங்குறா பாவம், ஒரு இடம் பார்த்ததில்ல. நானும் ஊர்ல உள்ளவங்களையெல்லாம் ஏத்திட்டுப் போறேன், அவளை மட்டும் ஏத்துனதில்ல. எப்பப் பார்த்தாலும் சவாரி இருக்கும். ஒரு நாள் இந்த வண்டியில அவளை எங்கயாவது தூரமா கூட்டிட்டுப் போகணும்.’

அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் ஜன்னல் வழியாக மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கும் ஆசையாத்தான் இருக்கும்’ என்று சாதாரணமாகச் சொன்னார்.

ஏர்போர்ட் வந்தது. அண்ணி கைப்பையிலிருந்து ஒரு கசங்கிய நோட்டை எடுத்து நீட்டினார். அண்ணன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துணி துவைக்கும்போது அண்ணி அதை எடுத்துக்கொள்வாராம். எத்தனையோ இடத்துக்குக் கட்டணமாகப் போன ஒரே நோட்டு. மேலே வந்ததும் அண்ணன் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவரைத் தாண்டி எட்டி ஒயரை இறக்கினார். அன்றைக்கு நான்தான் கீழே ஓடிப்போய்க் கொக்கிகளை மாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கெங்கே போகிறார்கள் என்று போனில் கேட்பேன். ஸ்டேஷன், கடற்கரை, பெரிய ஆஸ்பத்திரி, ஊர் எல்லையில் இருக்கும் ஏரி. ‘வீட்டுக்குன்னு ஒரு நாள் சொல்லிப் பாருங்களேன்’ என்றேன். ‘அது மட்டும் கேட்க மாட்டேன்மா. எந்த வீடுன்னு கேட்டுட்டார்னா? ஊர்ல எல்லா வீடும் தெரிஞ்சு, அது மட்டும் தெரியலன்னா நான் தாங்க மாட்டேன்’ என்றார் அண்ணி.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதாவது அண்ணியின் தம்பியைப் பற்றி. நல்ல மனுஷன்தான். போனில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே செய்து பார்க்க வேண்டும், அதுதான் வியாதி. நிறுத்திவைத்த காரின் பாட்டரி வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஏதோ பார்த்திருக்கிறார். பாட்டரியின் மைனஸ் முனையில் முறுக்கியிருக்கும் கொக்கியைக் கழற்றிவிட்டால் போதும், சார்ஜ் இறங்காமல் அப்படியே இருக்கும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சும்மா நிற்கும் எந்தக் காருக்கும் அது சரியான யோசனை. இந்தக் கார் சும்மா நிற்பதில்லை என்பதுதான் அவர் தலையில் ஏறவில்லை. அக்காவுக்குத் தினம் தினம் ஒயர் இறக்கும் பாடு மிச்சமாகட்டும் என்று, அக்கா வேலைக்குப் போயிருந்த சமயம் ஸ்பானரோடு போய்க் கழற்றி, துணி சுற்றி, பானெட்டையும் மூடிவிட்டு வந்துவிட்டார். டெய்லரம்மா மேலேயிருந்து பார்த்திருக்கிறார். தம்பிதானே என்று விட்டுவிட்டார். என்னிடமும் மூச்சு விடவில்லை. அக்காவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். ஆச்சரியமாகத்தான் இருந்தது.

நல்லவேளை, அன்று சாயங்காலம் நான் அங்கே போயிருந்தேன். நான் கேட்டுக்குள் நுழையும்போதே அண்ணன் டிரைவர் சீட்டில் இருந்தார், அண்ணி பின்னால். சாவியைத் திருப்புவது தெரிந்தது. ஒன்றும் எரியவில்லை. மறுபடி திருப்பினார். ஃபேன் சத்தம் இல்லாத அந்த அமைதியில் சாவி டொக்கென்று திரும்புவது மட்டும் எனக்கு அங்கிருந்தே கேட்டது. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் அலறப் போகிறார் என்று நானும் நினைத்தேன்.

அண்ணன் அலறவில்லை. அன்றைக்கு அவருக்குள் இருந்த டிரைவர் விடவில்லை. பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். சுற்றி வந்து பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

‘மன்னிச்சுக்கோங்கம்மா, வண்டி நின்னுபோச்சு. உங்களை நடுவழியில விட மாட்டேன். வேற வண்டி பிடிச்சுத் தர்றேன், வாங்க.’

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே போனால் அவருக்குத் திரும்பத் தெரியாது. கையைப் பிடித்து இழுத்தாலோ, அந்நியர்கள் தாக்குகிறார்கள் என்று ஓடிவிடுவார். அண்ணி பின்னாலேயே ஓடிக்கொண்டு, ‘தம்பிக்குப் போனைப் போடு, வண்டியில கை வச்சானான்னு கேளு!’ என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

போட்டேன். ‘ஆமா, மைனஸைக் கழட்டி வச்சேன். எப்படி ஐடியா?’ என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக. அவரை வெளுத்து வாங்க அப்போது நேரமில்லை. பானெட்டைத் தூக்கினேன். துணியைப் பிய்த்து எறிந்து, அந்தக் கொக்கியை பாட்டரி முனைமேல் வைத்து அழுத்தினேன். வழுக்கியது. வாஸ்லைன்! புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, உள்ளங்கை நோகத் திருகித் திருகி அழுத்தினேன்.

இதற்குள் தெருவில் நிஜமாகவே ஒரு டாக்சி நின்றுவிட்டது. அண்ணன் அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ‘இந்தம்மாவைப் பத்திரமா கொண்டுபோய் விடுப்பா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏறினால் அண்ணன் தெருவில் தனியாக நிற்பார். ஏறாவிட்டால் அவருக்கு அவமானம், கோபம், அப்புறம் எந்தப் பக்கம் நடப்பாரோ. அண்ணி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘எங்கம்மா போகணும்?’ என்றான் அந்த டாக்சிக்காரன்.

‘வீட்டுக்கு’ என்றார் அண்ணி. அவர் யோசித்துச் சொல்லவில்லை. தவித்துப்போனவர் வாயில் வேறென்ன வரும்?

நான் டிரைவர் சீட்டில் எட்டி ஹார்னை அழுத்தினேன். அடித்தது! கையை எடுக்காமல் அழுத்தினேன். குடியிருப்பில் எல்லா ஜன்னலும் திறந்தது. தெருவில் அண்ணன் சட்டென்று திரும்பினார். எத்தனை வண்டி சத்தத்துக்கு நடுவில் இருந்தாலும் அந்த ஹார்னை அவர் காது விடுமா? ‘என் வண்டி’ என்றார். அந்த டாக்சிக்காரனிடம், ‘நீ போப்பா, நன்றி. சவாரி என்னோடது’ என்று சொல்லிவிட்டு, அண்ணியை முன்னே விட்டு நடந்து வந்தார்.

நான் நகர்ந்துகொண்டேன். அண்ணன் உட்கார்ந்தார், பெல்ட் போட்டார், சாவியைத் திருப்பினார். ஃபேன் இரைந்தது. நான் ஜன்னலோரம் நின்றுகொண்டு, அந்தக் கொக்கி கழன்றுவிடக் கூடாது என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

‘வீட்டுக்குன்னு சொன்னீங்கல்லம்மா? எந்த வீடு?’ என்றார்.

வந்துவிட்டது. அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு தெருவின் பெயரைச் சொன்னார். குடியிருப்பின் பெயரைச் சொன்னார். குரல் லிஃப்டில் மாடி சொல்கிற மாதிரியே ஒரே சீராக இருந்தது. ‘முதல் மாடி’ என்றார்.

அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

‘முதல் மாடியா? ஜன்னல்லேர்ந்து ஒயர் தொங்குமே, அந்த வீடா?’

‘ஆமா’ என்றார் அண்ணி. சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

‘ஒயர்க்காரம்மா வீடுன்னு சொல்லுங்க! தெரியாம என்ன?’ அண்ணன் கியரைப் போட்டார். ‘தினம் சாயங்காலமானா ஒயரை இறக்குவாங்க. என் வண்டிக்குத்தான் கரண்ட். யாருன்னு தெரியல, என்ன உறவும் இல்ல. அவங்க மட்டும் இல்லன்னா இந்த வண்டி என்னைக்கோ செத்திருக்கும்மா.’

புதிதாக ஒன்றும் தங்காது என்று டாக்டர் சொன்னார். நாற்காலியில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நேற்று என்பதே இல்லாத அந்தத் தலைக்குள், ஒயரை இறக்கி இறக்கியே அண்ணி ஒரு இடம் பிடித்திருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் எதற்கும் அழுகிறவள் இல்லை.

இரண்டு மூன்று திருப்பத்தில் வீடு வந்துவிட்டது. அண்ணி பழக்கத்தில் நோட்டை எடுத்து நீட்டினார். அண்ணன் கையை ஆட்டி மறுத்தார். ‘அந்த வீட்டுக்குப் போறவங்ககிட்ட வாங்க மாட்டேன்’ என்றார்.

மேலே போனோம். எப்போதும் போலவே, கதவைத் தாண்டியதும் கார் கலைந்துவிட்டது. அண்ணன் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். அதே பயம்.

‘யாருங்க நீங்க?’

அண்ணி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். வீட்டுக்காரி என்று சொல்ல வாய் திறந்தது எனக்குத் தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

‘நான் ஒயர்க்காரம்மாங்க’ என்றார்.

அண்ணனின் தோள் இறங்கியது. முகம் மலர்ந்தது. ஜன்னலோரத்து நாற்காலியை, தன் நாற்காலியைத்தான், இழுத்து அண்ணி பக்கம் போட்டார்.

‘நீங்கதானா? உக்காருங்க, உக்காருங்க. இத்தனை நாள் ஏன் வெளியிலேயே நின்னீங்க?’